சாப்பாட்டு மேசையில் ஒரு பட்டாளம்

போன இதழில் வேறு ஏதோ கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில், "ராத்திரியில் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லாத சிப்பாய்களுக்கு வண்ணம் தீட்டுகிறவன் நான்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். சொத்துத் தகராறு, மாமியார் தகராறு எல்லாம் பின்னால் போய்விட்டன. வந்த கடிதங்களில் பாதி இந்தப் பொம்மைப் பட்டாளத்தைப் பற்றியே, அதாவது சின்னச் சிப்பாய்ப் பொம்மைகளை மேசையில் நிறுத்திப் போர் ஆடும் பொழுதுபோக்கைப் பற்றியே. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். மற்றவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கே: என் வீட்டுக்காரருக்கு வயது 46. தலையில் விளக்கு, கண்ணில் பூதக்கண்ணாடி, கையில் ஒற்றை மயிர்த் தூரிகை, இப்படி ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருக்கிறார். சாப்பாட்டு மேசை ஆறு மாதமாக எங்களுக்குச் சொந்தமில்லை. பிள்ளைகள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். இது என்ன வியாதி, எப்போது சரியாகும்?
(ஈசூன் வாசகி)

ப: சரியாகாது அம்மா. என் வீட்டில் இருபது வருடமாகச் சரியாகவில்லை.

உங்கள் வீட்டில் கொலு வைக்கும் வழக்கம் உண்டா? உண்டென்றால் பாதி புரிந்துவிடும். படி கட்டுவது, பொம்மை சேர்ப்பது, போன வருடம் இல்லாத ஒன்று இந்த வருடம் வேண்டும் என்று அலைவது, வருகிறவர்களை நிறுத்தி ஒவ்வொன்றாகக் காட்டுவது எல்லாம் அப்படியே. கொலுப் பொம்மை ஒன்பது நாளும் சும்மா நிற்கும், இவர் பொம்மைகள் அளவுநாடா வைத்து அளந்து நகரும், பகடை உருட்டிச் சுடும், சாகும், வித்தியாசம் அதுதான்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கிறுக்கு என்றும் சொல்லிவிட முடியாது. சதுரங்கம் என்ற பெயரைப் பிரித்துப் பாருங்கள், நான்கு அங்கம்: தேர், யானை, குதிரை, காலாள். பலகையில் நாற்படையை நிறுத்தி ஆடியவர்கள் நம் ஊர்க்காரர்கள். ஆனால் சதுரங்கத்தில் மலை கிடையாது, ஆறு கிடையாது, மழை பெய்து வண்டி சேற்றில் மாட்டாது. இதையெல்லாம் உள்ளே கொண்டுவந்தவர்கள் பிரஷ்யக்காரர்கள், அதாவது ஜெர்மானியர்கள். ரைஸ்விட்ஸ் என்று ஓர் அப்பா, மகன். அப்பா 1812-ல் அரசருக்கு ஒரு மேசையே செய்து கொடுத்தார். பீரங்கிப்படை அதிகாரியான மகன் 1824-ல் அதை வரைபடத்தின் மேல் ஆடும் ஆட்டமாகத் திருத்தி ராணுவத் தலைமையதிகாரி மியூஃப்ளிங்கிடம் காட்டினார். வேண்டாவெறுப்பாகப் பார்க்க உட்கார்ந்த அந்த மனிதர், பார்க்கப் பார்க்கச் சூடேறி, இது விளையாட்டே இல்லை, போருக்கான பள்ளிக்கூடம் என்று சொல்லி, ராணுவம் முழுவதும் இதைப் பழகவேண்டும் என்று பரிந்துரைத்தாராம். சின்னப் பொம்மைகளை வைத்து வீட்டுக் கூடத்தில் ஆடுவதற்கு ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-ல் ஒரு விதிப்புத்தகமே எழுதினார். ஆகவே உங்கள் வீட்டுக்காரர் நல்ல கூட்டத்தில்தான் சேர்ந்திருக்கிறார்.

மேசை விஷயத்துக்கு வருகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இதற்கென்று தனி அறை கேட்பது அநியாயம். இரண்டு பலகை வாங்கி மேசைமேல் போடச் சொல்லுங்கள். ஆட்டம் முடியாவிட்டாலும் சாப்பாட்டு நேரத்தில் பலகையோடு தூக்கிக் கட்டிலடியில் தள்ளிவிடலாம். ஞாயிறு மதியம் மேசை குடும்பத்துக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் மனைவி வாங்கினாள், குளிர்பதனப் பெட்டியில் இன்னும் ஒட்டியிருக்கிறது.

கே: ஆரம்பிக்க எவ்வளவு வெள்ளி ஆகும்?
(செங்காங் வாசகர்)

ப: ஒரு வெள்ளிகூட இல்லாமல் ஆரம்பிக்கலாம். போத்தல் மூடிகளைப் படையாக வைத்து ஆடிப்பாருங்கள். பிடித்திருந்தால் 1:72 அளவு (நிஜ உருவத்தில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் சிப்பாய்ப் பெட்டி ஒன்று வாங்குங்கள், ஒரு பெட்டியில் நாற்பது பேர்போல் இருப்பார்கள். 28 மில்லிமீட்டர் பொம்மைகள் அழகு, ஆனால் பணம் தின்னும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவித்தால் சின்னப் பொட்டலத்துக்கும் 2023 முதல் ஜிஎஸ்டி உண்டு, இப்போது 9 விழுக்காடு, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வாங்கியதைத் தீட்டி முடிக்கும் முன் அடுத்ததை வாங்காதீர்கள். இதை நான் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.

கே: அண்ணே, நான் தேசிய சேவையில் இருக்கிறேன். முகாமிலிருந்து புக் அவுட் ஆனதும் கூட்டாளிகளோடு போய் வார்ஹாம்மர் ஆடுவேன். எல்லாரும் விண்வெளி வீரர்கள்தான் வைத்திருக்கிறார்கள். வரலாற்றுப் போர்களை ஆடுகிறவர்கள் ஏன் இவ்வளவு குறைவு? அப்படியே ஆடினாலும் நெப்போலியன், ஹிட்லர். நம் ஊருக்கென்று ஆட என்ன இருக்கிறது? தோற்றது ஒன்றுதானே?
(சுவா சூ காங் வாசகர்)

ப: தம்பி, கடைசிக் கேள்வியைத்தான் நான் இத்தனை வருடமாக ஆடிக்கொண்டிருக்கிறேன்.

வார்ஹாம்மர் 40,000 என்ற அந்த விண்வெளிப் போர் ஆட்டம் வந்தது 1987-ல். கடைக்குப் போனால் ஆள் கிடைக்கும், விதி ஒன்று, பொம்மை அழகு. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, நானும் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். ஆனால் கற்பனைப் போரில் தோற்றால் யாருக்கும் வலிக்காது. வரலாற்றை எடுத்தால் யாருடைய தாத்தாவாவது அந்த மேசையில் நின்றுகொண்டிருப்பார்.

நம் சிங்கப்பூர்ப் படை தனியாகப் போர் எதுவும் ஆடியதில்லை, நல்ல காலம். 1967-ல் தேசிய சேவை தொடங்கி, 1969 தேசிய நாள் அணிவகுப்பில் ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகள் உருண்டு வந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சிலிர்ப்பார்கள். அந்த டாங்கியை ஒட்டி வண்ணம் தீட்டி அலமாரியில் வைக்கலாம். ஆடவேண்டும் என்றால் 1942-க்குத்தான் போகவேண்டும். அங்கே இருந்தவர்கள் பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், மலாய்ப் படைப்பிரிவு, சீனத் தொண்டூழியர்கள், அப்புறம் இந்தியர்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஜப்பானியரிடம் போன மொத்தப் படையில் ஏறத்தாழப் பாதிப்பேர் இந்தியர்கள் தம்பி. பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் போய்விடும், மேசையில் நிறுத்தும்போதுதான் வாங்கவேண்டிய தலைப்பாகைப் பொம்மைகளின் எண்ணிக்கை உறைக்கும்.

தோற்ற போரில் ஆட என்ன இருக்கிறது என்கிறாய். ஆடுபுலி ஆட்டம் ஆடியிருக்கிறாயா? புலி மூன்று, ஆடு பதினைந்து. 1942 பிப்ரவரியில் தீவைத் தாக்கிய ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவிடம் ஏறத்தாழ 30,000 பேர், பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலிடம் 85,000 பேர் போல. ஆடுகள் அத்தனை இருந்தும் கட்ட முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதுதான் ஆட்டம்.

இதில் என்னைத் தூங்கவிடாத ஒரு விஷயம் உண்டு. இதே பெர்சிவல், தளபதி ஆவதற்கு முன், 1937-ல் மலாயாவில் பணியதிகாரியாக இருந்தபோது, "நான் ஜப்பானியனாக இருந்தால் சிங்கப்பூரை எப்படிப் பிடிப்பேன்" என்று உட்கார்ந்து யோசித்து எழுதினார். கடல் வழியாக நேரே வராமல் தாய்லாந்தின் தெற்கே சிங்கோரா, பட்டாணி, அப்புறம் மலாயாவில் கோத்தா பாரு, இந்த இடங்களில் இறங்கி வடக்கிலிருந்து கீழே வருவார்கள் என்று. 1941 டிசம்பர் 8-ல் ஜப்பானியர் இறங்கியது அதே மூன்று இடங்களில். எதிராளியின் காயை எடுத்துத் தானே ஆடிப்பார்த்து, சரியான விடையும் கண்டுபிடித்த ஆள், ஐந்து வருடம் கழித்துத் தன் பக்கம் உட்கார்ந்து தோற்றார். விமானம் போதவில்லை, மலாயாவில் பிரிட்டிஷாரிடம் டாங்கியே இல்லை, இதெல்லாம் காரணங்கள்தான். இருந்தாலும், விடை தெரிவதும் ஜெயிப்பதும் வேறுவேறு என்று நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, மேசையில்தான் தெரிந்துகொண்டேன்.

எப்படி என்று சொல்கிறேன். என் அக்கா மகனை உட்காரவைத்து, பெயர்களையெல்லாம் மாற்றி, ஒரு தீவு, வடக்கே குறுகிய கால்வாய், எதிரி அக்கரையில், உன் படையை நிறுத்து என்றேன். முந்தின நாள் எதிரி வடகிழக்கே ஒரு சின்னத் தீவைப் பிடித்துவிட்டான் என்ற செய்தியையும் கொடுத்தேன். பையன் கெட்டிக்காரன், பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், யோசித்து யோசித்து நல்ல படையை வடகிழக்கில் வைத்தான். நான் வடமேற்கில் இறங்கினேன். 1942-ல் நடந்தது அதுதான். பிப்ரவரி 7-ல் புலாவ் உபினில் போக்குக் காட்டிவிட்டு, 8-ஆம் தேதி இரவு சாரிம்புன் பக்கம் இறங்கினார்கள். அங்கே ஆஸ்திரேலியப் படையணி ஒன்று நீண்ட கரை முழுவதையும் மெல்லிசாகப் பரவி நின்று காத்தது. பையன் தலையில் கைவைத்துக்கொண்டு, "மாமா, இது பெர்சிவல்!" என்றான். ஆட்டம் முடிந்த பிறகுதான் தீவின் பெயர் அவனுக்குத் தெரிந்தது.

கடைசி நாள் ஆட்டத்தை இன்னொரு மாதிரி ஆடுவோம். இரண்டு உறை. ஜப்பானிய ஆட்டக்காரர் உறையில் "குண்டு தீர்ந்துகொண்டிருக்கிறது, இன்னும் மூன்று சுற்றுக்குத்தான்" என்று இருக்கும். பிரிட்டிஷ் ஆட்டக்காரர் உறையில் "நகரத்துக்குத் தண்ணீர் இன்னும் ஒரு நாளைக்குத்தான், உள்ளே பத்து லட்சம் பேர்" என்று இருக்கும். ஒருவர் உறை மற்றவருக்குத் தெரியாது. யமாஷிட்டா பின்னால் தன் தாக்குதலை ஒரு வெற்றுமிரட்டல் என்றே சொன்னார், ஆள் குறைவு, குண்டு குறைவு, தெருச்சண்டை வந்தால் தாங்காது என்று பயந்துகொண்டே புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் நடந்த சரணடைவுப் பேச்சில் மேசையைத் தட்டியிருக்கிறார். எங்கள் ஆட்டத்தில் ஏழு முறை ஆடியதில் ஐந்து முறை பிரிட்டிஷ் பக்கம் சரணடைந்தது. ஒருமுறை ஜப்பானியர் தாமாகப் பின்வாங்கினார்கள், அன்றைக்கு யமாஷிட்டாவாக ஆடியவர் ஒரு கணக்காளர், வெற்றுமிரட்டல் அவருக்கு வராது.

இன்னொன்று. இடத்தை நடந்து பார்க்காமல் மேசை போடாதே. முதன்முதலில் நான் ஜொகூர்ப் பக்கச் சண்டை ஒன்றுக்காக ரப்பர் தோட்டம் செய்தேன், கம்பியை முறுக்கி மரம், வாசல் மிதியடியின் தேங்காய் நாரைப் பிய்த்து லாலாங் புல். (மிதியடி எங்கே என்று வீட்டில் இரண்டு வாரம் தேடினார்கள்.) ஐம்பது மரத்தை இயற்கையாக இருக்கட்டும் என்று இஷ்டத்துக்கு நட்டேன். என் அம்மா ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், கோப்பி கொண்டுவந்தவர் நின்று பார்த்துவிட்டு, "பால்மரக் காடு இப்படியா இருக்கும்? நிரை எங்கே?" என்று கேட்டு, கோப்பியை வைத்துவிட்டு, ஒவ்வொரு மரமாகப் பிடுங்கி வரிசை வரிசையாக நட்டுக்கொடுத்தார். ஆட்டமே மாறிப்போனது. நிரையோடு பார்த்தால் மேசையின் அந்தக் கோடி வரை தெரிகிறது, ஒரு துப்பாக்கி அங்கே இருந்தால் யாரும் குறுக்கே போக முடியாது. ஓர் அடி தள்ளி நின்று சாய்வாகப் பார்த்தால் மரத்தண்டுகள் சேர்ந்து சுவராகிவிடுகின்றன. தோட்டச் சண்டைகளில் இரண்டு பக்கமும் ஏன் அடிக்கடி திடீரென்று முட்டிக்கொண்டன என்பது பால் வெட்டின குடும்பத்துப் பெண்மணிக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்தது, எனக்கு மூன்று புத்தகம் படித்தும் தெரியவில்லை.

ஆகவே முதலில் பாசிர் பாஞ்சாங்கில் புக்கிட் சந்து நினைவகத்துக்குப் போ. 1942 பிப்ரவரி 14-ல் லெஃப்டினன்ட் அட்னான் சாய்டியின் மலாய் வீரர்கள் நின்ற மேடு அது. இந்தியச் சிப்பாய்கள்போல் தலைப்பாகை கட்டி வந்த ஜப்பானியரை, பிரிட்டிஷ் அணிநடைப்படி மூன்று மூன்று பேராக வராமல் நான்கு நான்கு பேராக வருகிறார்களே என்று கண்டுபிடித்ததாகச் சொல்வார்கள். அணிநடை பழகி அலுத்துப்போன உனக்கு இந்தக் கதை பிடிக்கும்.

கே: உங்கள் "பொழுதுபோக்கு" பற்றிய வரியைப் படித்தேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். என் அப்பாவின் அண்ணனைத் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி ஜப்பானியர் சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. எந்த மண்ணில் கிடக்கிறார் என்றுகூடத் தெரியாது. இதையெல்லாம் மேசையில் வைத்துப் பகடை உருட்டுவது உங்களுக்குச் சரியாகப் படுகிறதா?
(ஜூரோங் வாசகர்)

ப: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு வாரம் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

நான் மேசையில் வைக்காதவை சில உண்டு. சயாம் மரண ரயில்பாதை, சீனர்களைக் குறிவைத்த சூக் சிங் படுகொலை, அலெக்சாண்ட்ரா மருத்துவமனையில் நடந்த கொலைகள். அங்கெல்லாம் ஒரு பக்கத்தின் கையில் ஒன்றுமே இல்லை, ஆட்டம் என்று சொல்லவே முடியாது. என்னோடு ஆடுகிறவர்களும் இதை ஒத்துக்கொள்கிறார்கள், ஜப்பானியப் படையை அழகாகத் தீட்டி வைத்திருக்கும் ஒருவர் உட்பட.

ஆனால் அதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது என்பதும் தெரியும். மேலே அம்மா மரம் நட்டுக்கொடுத்த கதையைப் பெருமையாக எழுதினேன், அதன் மீதியை எழுதவில்லை. மரங்களை நட்டு முடித்தவர், ஓரத்தில் நான் அட்டையில் செய்து வைத்திருந்த, தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளைத் தொட்டு, "இது எதுக்கு?" என்றார். அந்த வீடுகளுக்குள் சிப்பாய் நின்றால் சுடுவது கடினம், விதிப்படி அது மறைவிடம் என்றேன். "இதுல இருந்தவங்க எங்க போனாங்க?" என்று கேட்டார். எங்கள் விதிப்புத்தகம் நூற்றுக்கும் மேற்பட்ட பக்கம். சேற்றில் சக்கரம் மாட்டுவதற்கு விதி இருக்கிறது, கொசுவலைக்குள் காய்ச்சலில் கிடப்பவனுக்குக்கூட நாங்கள் ஒன்று சேர்த்திருக்கிறோம். அந்த லயத்தில் இருந்தவர்களுக்கு ஒரு வரி இல்லை. பல்லாயிரம் தமிழர்களை அந்த லயங்களிலிருந்துதான் சயாமுக்கு ஏற்றிப்போனார்கள்.

அதற்குப் பிறகு எங்கள் ஆட்டங்களில் ஒரு விதி வைத்தோம். லயத்தின்மேல் யாருடைய பீரங்கிக் குண்டு விழுந்தாலும் அவர் அந்த ஆட்டத்தில் ஜெயிக்க முடியாது, எதிரியை முழுக்க அழித்திருந்தாலும். இது என் அம்மாவின் கேள்விக்குப் பதில் இல்லை, உங்கள் கடிதத்துக்கும் இல்லை. நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் நான் வாதாட மாட்டேன். கிராஞ்சி நினைவிடத்தில் கல்லறை தெரியாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் இருக்கின்றன, அவர்கள் படையில் இருந்தவர்கள். உங்கள் பெரியப்பா படையில் இல்லை, அங்கேயும் அவர் பெயர் இருக்காது. அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி அனுப்புவீர்களா? அச்சில் போட அல்ல.

கே: என் பாட்டி என்னை "எம்டன்" என்று திட்டுகிறார். அது ஒரு கப்பல் என்று அப்பா சொல்கிறார். நிஜமா? எனக்கு வயது 12.
(பொங்கோல் மாணவர்)

ப: நிஜம் தம்பி. ஜெர்மானியப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு, பிடிபடாமல் போய்விட்டது. ஊரே பயந்து ஓடியது. அன்றிலிருந்து தந்திரக்காரன், அடங்காதவன், எங்கிருந்தாவது வந்து காரியத்தை முடித்துவிட்டுப் போகிறவன், எல்லாரும் தமிழில் எம்டன். உன் பாட்டி திட்டவில்லை, பாதி பாராட்டுகிறார்.

அந்தக் கப்பல் அடுத்த மாதம் பினாங்குக்கு வந்தது. எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. பிரிட்டிஷ் கப்பல் ஒன்றுக்கு நான்கு. என்ன செய்தார்கள் தெரியுமா, மரமும் துணியும் வைத்துப் பொய்யாக நான்காவது புகைபோக்கி ஒன்றை நட்டுக்கொண்டு, துறைமுகத்துக்குள் நேரே நுழைந்து ரஷ்யக் கப்பல் ஒன்றை மூழ்கடித்தார்கள். எம்டன் வேலை! நவம்பர் 9-ல் கொக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் அதை அடித்து நொறுக்கியது.

கப்பல் போர் ஆடுவதற்கு 1:2400 அளவுக் கப்பல்கள் கிடைக்கும். எம்டன் 118 மீட்டர், அந்த அளவில் ஐந்து சென்டிமீட்டர்கூட வராது, உன் சுண்டுவிரல் நீளம். தரையில் நீலத்துணி விரித்தால் கடல். நான்காவது புகைபோக்கிக்கு ஒரு துண்டு பல்குத்தும் குச்சி போதும்.

கொஞ்சம் பெரியவனானதும் இன்னொன்றையும் படி. பிடிபட்ட எம்டன் ஆட்களில் சிலரை இங்கே தங்ளின் முகாமில் அடைத்து வைத்தார்கள். 1915 பிப்ரவரி 15-ல் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ச்சி செய்தபோது அந்த முகாமையும் திறந்துவிட்டார்கள், ஜெர்மானியர் சிலர் தப்பினார்கள். சிப்பாய்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இருபத்தேழு வருடம் கழித்து அதே பிப்ரவரி 15-ல்தான் சிங்கப்பூர் விழுந்தது, நீ பள்ளியில் முழுமைத் தற்காப்பு நாள் என்று கொண்டாடுகிறாயே, அந்தத் தேதி.

கே: என் தாத்தா தோட்டத்திலிருந்து போய் நேதாஜியின் ஐஎன்ஏ-வில் (இந்தியத் தேசிய ராணுவத்தில்) சேர்ந்தவர். அவர் உருவத்தில் ஒரு பொம்மை செய்து அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. கடையில் பார்த்த இந்தியச் சிப்பாய்கள் எல்லாரும் தாடி, தலைப்பாகையோடு இருக்கிறார்கள். என்ன செய்வது?
(உட்லண்ட்ஸ் வாசகி)

ப: நல்ல ஆசை. ஐஎன்ஏ-வுக்கென்று தேடி அலையவேண்டாம். சிங்கப்பூர் விழுந்த இரண்டாம் நாள், 1942 பிப்ரவரி 17-ல், ஃபேரர் பார்க் மைதானத்தில் இந்தியப் போர்க்கைதிகளை ஜப்பானியரிடம் ஒப்படைத்தபோது தொடங்கியது அந்தப் படை. போட்டிருந்தது பிரிட்டிஷ் காக்கி, பிடித்திருந்தது பிரிட்டிஷ் துப்பாக்கி. ஆகவே பிரிட்டிஷ் இந்தியப் பொம்மையின் உடம்பு அப்படியே ஒத்துவரும். மாற்றவேண்டியது தலை மட்டும். நேதாஜி 1943 ஜூலையில் இங்கே வந்து, பாடாங் திடலில் அணிவகுப்பைப் பார்வையிட்ட பிறகு சேர்ந்த தோட்டத்துத் தமிழர்கள் படங்களில் சாய்வான துணித்தொப்பியோடுதான் இருக்கிறார்கள். அந்தத் தொப்பி வைத்த தலைகள் தனியாக விற்கும். கூரிய கத்தியால் கழுத்தில் நேராக வெட்டி, ஊசிமுனை அளவு பசை, ஒட்டிப் பத்து எண்ணுங்கள். கையில் பாயும் புலிச் சின்னம் வரையச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். அது ஜெர்மனியில் இருந்த இந்தியப் படையணியின் சின்னம்.

அப்புறம் முகம். வண்ணக் கடையில் "தோல் நிறம்" என்று எழுதிய புட்டியை எடுத்தால் வெள்ளைக்காரர் தோல்தான் வரும், இருபது வருடம் முன்பு நானும் என் முதல் இந்தியச் சிப்பாய்களை அந்தப் புட்டியால் தீட்டி, ஏதோ காய்ச்சல் வந்தவர்கள்போல் ஒரு வரிசை நின்றது. கோப்பிக்கடைக் கணக்கு சொல்கிறேன். முதல் பூச்சு கோப்பி-ஓ (பால் சேர்க்காத கோப்பி) நிறம், முகம் முழுக்க. காய்ந்ததும் நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு, தாடை, இந்த இடங்களில் மட்டும் பால் கோப்பி நிறம். கடைசியாக மூக்குநுனியில் தே தாரிக் (ஆற்றிய பால் தேநீர்) நிறத்தில் ஒரே ஒரு புள்ளி. கண்ணுக்கு வெள்ளை வைக்காதீர்கள், அந்த அளவில் பேயறைந்தவர்போல் ஆகிவிடும். தாத்தாவின் படம் ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீசை இருந்ததா என்று அப்பாவிடம் ஜாடையாகக் கேட்டுவிடுங்கள், அதில் தவறு செய்தால் மன்னிக்க மாட்டார்.

வீட்டில் பாட்டிமார் யாராவது ஐஎன்ஏ-வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்ததாகப் பேச்சு உண்டா? தோட்டத்துப் பெண்பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்தார்கள், சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த கேப்டன் லட்சுமி தலைமையில். அந்தப் பொம்மை கடைகளில் என் கண்ணில் பட்டதில்லை. நானே ஒன்று செய்துபார்த்தேன், கால்சட்டை சரியாக வந்தது, பின்னல் வரவில்லை.

கே: மூன்று மாதம் உட்கார்ந்து தீட்டிய நாற்பது சிப்பாய்கள். கடைசியில் மங்கல் வார்னிஷ் அடித்தேன், எல்லாரும் விபூதி பூசியதுபோல் வெள்ளையாகிவிட்டார்கள். அழுகை வருகிறது.
(தெம்பனிஸ் வாசகர்)

ப: அழாதீர்கள், காப்பாற்றலாம். மழை நேரத்தில் அடித்தீர்களா? நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், புட்டியிலிருந்து வரும் தூவல் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு காயும்போது வெள்ளையாக உறைகிறது. எனக்கு நடந்தது ஒரு டிசம்பர் மாலை, தாழ்வாரத்தில், மழை விட்டு அரை மணி நேரத்தில், அதுவும் ஒரு முழுக் குதிரைப்படைக்கு. பக்கத்து வீட்டு அம்மா வாசனை தாங்காமல் எட்டிப்பார்த்து, "பொம்மைக்கு என்ன, பனி பெய்ததா?" என்று கேட்டதுதான் இன்னும் வலிக்கிறது.

முதலில் ஒரே ஒரு பொம்மையில் சோதித்துப் பாருங்கள். பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லிசாகப் பூசினால் பெரும்பாலும் வெள்ளை மறைந்து நிறம் திரும்பும். நன்றாகக் காய்ந்த பிறகு மங்கல் வார்னிஷைத் தூரிகையாலேயே மேலே பூசலாம். சிலர் ஆலிவ் எண்ணெய் ஒரு துளி தொட்டுத் தேய்த்துத் துடைப்பார்கள், என் குதிரைகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. இனிமேல் வெயில் சுள்ளென்று அடிக்கும் முற்பகலில் மட்டும் தூவுங்கள், அல்லது என்னைப்போல் தூவும் புட்டியையே விட்டுவிட்டுத் தூரிகைக்கு மாறிவிடுங்கள். பக்கத்து வீட்டோடும் உறவு நன்றாக இருக்கும்.

கே: எனக்கு மட்டும் எப்போதும் பகடை ஒன்று, இரண்டு என்றே விழுகிறது. தம்பி ஏமாற்றுகிறானோ என்று சந்தேகம். பகடையை விட்டுவிட்டு நாமே முடிவு செய்துகொள்ளலாமா?
(பிடோக் வாசகர்)

ப: 1942 மே மாதம், பசிபிக் கடலிலுள்ள மிட்வே தீவைத் தாக்கும் முன் ஜப்பானியக் கடற்படை மேசைமேல் ஒத்திகை பார்த்தது. பகடை போட்டதில் ஒன்பது குண்டு விழுந்து அக்காகி, காகா என்று இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின. ஒத்திகையை மேற்பார்த்த அதிகாரி உகாக்கி, ஒன்பது கிடையாது, மூன்றுதான் என்று குறைத்து, அக்காகியைக் காப்பாற்றினார். காகாவையும் பிறகு மறுபடி ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் நிஜக் கடலில் இரண்டும் மூழ்கின.

எங்கள் வீட்டில் நடுவர் என் மாமியார். தாயக்கட்டையில் வளர்ந்தவர். மேசையை விட்டுக் கீழே விழுந்த பகடை செல்லாது, மற்றபடி விழுந்தது விழுந்ததுதான். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பாரே, அவரை உட்காரவையுங்கள்.